காடு காத்த அறிஞர் ஜோசப் ஹூக்கர்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை வழியாக உடப்புசல்லாவைக்குச் செல்லும் மலைப்பாதையில் பயணம் செய்வோர், மூன்று நிறங்கள் அடுக்கடுக்காய் அமைந்திருப்பதைக் காண்பர். சரிவுகளில் தேயிலையின் இளம்பச்சை; வறண்ட பக்கங்களில் மானாப்புல் படர்ந்த பற்றனை நிலத்தின் பழுப்பு; முகடுகளில் முகில் தங்கும் காட்டின் கரும்பச்சை. சரிவெல்லாம் தோட்டமாகிவிட்ட இம்மலைநாட்டில் முகடுகளில் மட்டும் காடு எஞ்சி நிற்பது எவ்வாறு? ஏறிச் செல்ல இயலாத உயரம் என்பது விடையாகாது. அதனினும் உயர்ந்த இடங்களிலும் தேயிலை நன்கு வளர்கின்றது. 1873ஆம் ஆண்டில் இலண்டன் நகரை அடுத்த கியூ தாவரப் பூங்காவிலிருந்து எழுந்த ஓர் ஆலோசனையே அக்காட்டிற்கு அரணாயிற்று. அதனை வழங்கியவர் சர் ஜோசப் டால்ட்டன் ஹூக்கர். இலங்கை மலையகத்தில் நீர் அருந்தும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அன்னாருடையது.

ஹூக்கர் 1817ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இங்கிலாந்தின் சபோக் மாநிலத்து ஹேல்ஸ்வேர்த் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் புகழ்பெற்ற தாவரவியற் பேராசிரியர். குழந்தைப் பருவத்திலேயே தந்தையின் விரிவுரைகளைக் கேட்டு வளர்ந்த மைந்தர், மருத்துவம் பயின்று பட்டம் பெற்றார். எனினும் உள்ளம் செடிகொடிகளிலேயே தோய்ந்திருந்தது. 1839இல் கப்டன் ஜேம்ஸ் ரோஸ் தலைமையில் தென்துருவக் கடலை நோக்கிப் புறப்பட்ட இரேபஸ் என்னும் கப்பலில் துணை மருத்துவராய் அமர்ந்தார். நான்காண்டுக் காலம் பனிக்கடலிலும் தனித்தீவுகளிலும் அலைந்து அவர் சேர்த்த தாவரங்கள் பெருநூல்களாக வெளிவந்தன.

அப்பயணத்தின் இறுதிக் கட்டத்தில், 1843இல், அத்திலாந்திக் நடுவிலுள்ள அசென்சன் தீவைக் கண்டார். எரிமலைச் சாம்பலும் கரும்பாறையுமான அத்தீவில் நன்னீர் அரிது. உச்சியில் மரங்களை நட்டால் அவை முகிலின் ஈரத்தைப் பற்றி மண்ணுக்குத் தரும் என 1847இல் அவர் கடற்படையினருக்கு ஆலோசனை கூறினார். கியூவிலிருந்து நாற்றுகள் கப்பலேறின. சில பதின்மங்களில் வெற்றுமலையின் உச்சி பச்சை போர்த்தது. காட்டிற்கும் நீருக்கும் உள்ள தொடர்பை ஏட்டில் மட்டுமன்றி நிலத்திலும் சோதித்தறிந்தவர் அவர் என்பதற்கு அத்தீவே சான்று. ஆயினும் அயலிலிருந்து வந்த அச்செடிகள் அத்தீவுக்கே உரிய சிறு பெரணிகளை நெருக்கி ஒடுக்கின என்பதையும் பிற்கால ஆய்வாளர் கண்டனர்.

1847இல் ஹூக்கர் இந்தியாவிற்குப் புறப்பட்டார். சிக்கிமின் பனிச்சிகரங்களிடையே அவர் கண்ட ரோடோடென்ட்ரான் மலர்கள் ஐரோப்பியத் தோட்டங்களை வியப்பில் ஆழ்த்தின. அம்மரவினத்தின் உறவொன்று நம் ஹோர்ட்டன் சமவெளியிலும் செந்நிறப் பூக்கொத்துகளுடன் நிற்பதை வாசகர் பலர் கண்டிருப்பர். 1849இல் சிக்கிம் அரசின் ஆட்கள் அவரையும் அவருடைய நண்பர் காம்பெல் என்பாரையும் பல வாரங்கள் சிறைப்பிடித்து வைத்ததும் உண்டு. அவ்வின்னல்களுக்கிடையிலும் செடி சேர்ப்பதை அவர் கைவிட்டாரில்லை.

1865இல் தந்தையார் மறைந்தபின் கியூ பூங்காவின் பணிப்பாளர் பதவி மைந்தரை வந்தடைந்தது. சார்ல்ஸ் டார்வினின் உற்ற நண்பராகவும், கூர்தலறக் கொள்கையின் முதல் ஆதரவாளருள் ஒருவராகவும் உலகு அவரை அறியும். இலங்கைக்கும் அவருக்கும் இருந்த தொடர்போ பலரும் அறியாதது. பேராதனைப் பூங்காவை 1849 முதல் 1880 வரை நடத்திய துவைற்ஸ் என்னும் அறிஞர், இலங்கைத் தாவரங்களின் பட்டியலை 1858 முதல் 1864 வரை வெளியிட்டபோது, இனங்களைப் பிரித்தறியத் துணைநின்றவர் ஹூக்கரே. உலர்ந்த இலைகளும் கடிதங்களும் பேராதனையிலிருந்து கியூவிற்கு ஓயாது சென்றுகொண்டிருந்தன. நம் மலைக்காட்டை அவர் அவ்விலைகள் வழியே நன்கறிந்தார்.

அந்நாளில் மலைநாட்டில் நிகழ்ந்தது யாது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் உரியவர் இல்லாத நிலமும் முடிக்குரியனவென்று கொண்டது. ஊராரின் சேனையும் மேய்ச்சல் நிலமுமாய் இருந்தவை ஏலத்திற்கு வந்தன. கோப்பித் துரைமார் அவற்றை மலிவாய் வாங்கினர். சரிவின் அடியிலுள்ள மரங்களைப் பாதியளவு வெட்டி நிறுத்தி, உச்சியிலுள்ள மரத்தை முழுதும் வெட்டிச் சாய்ப்பர். அது விழும் வேகத்தில் மலைச்சரிவு முழுவதும் பேரிரைச்சலுடன் சரிந்து விழும். சில வாரம் காயவிட்டுப் பின்பு தீ மூட்டுவர். அவ்வேலையில் சிங்களக் கிராமத்தவரும் தமிழ்த் தொழிலாளரும் ஈடுபட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டு வழியே நடந்து, பசிக்கும் நோய்க்கும் பலரைப் பலிகொடுத்து மாத்தளையை அடைந்த நம் முன்னோர், அச்சாம்பல் மண்ணிலேயே கோப்பிக் கன்றுகளை நட்டனர். 1870களில் கோப்பி நிலம் 2,50,000 ஏக்கரைத் தாண்டியது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் விளைச்சலைக் குறைக்கத் தொடங்கவே, புதுநிலம் தேடி மேன்மேலும் உயரத்திற்குக் கோடரிகள் ஏறின.

இவ்வேளையிற்றான், 1873இல், ஹூக்கரின் ஆலோசனை பிறந்தது. கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டைத் தொடலாகாது என்பதே அதன் சாரம். முகட்டுக் காடு முகிலைத் தடுத்து ஈரத்தைப் பெறுகின்றது. பாசியும் இலைச்சருகும் அதனைப் பஞ்சுபோல் தேக்கிச் சிறுகச்சிறுக ஊற்றாக விடுகின்றன. அது அழியின் மழைக்காலத்தில் மண்சரிவும் வெள்ளமும், கோடையில் வறண்ட ஓடையுமே மிஞ்சும். குடியேற்ற நாட்டு அமைச்சகம் இதனை ஏற்று, அவ்வெல்லைக்கு மேலுள்ள காட்டை வெட்டுவதைத் தடை செய்தது. முன்பே விற்கப்பட்ட நிலங்கள் தோட்டங்களாகவே நின்றன. எனினும் எஞ்சிய முடிநிலம் பிழைத்தது. கோப்பி அழிந்து, உயரத்தை விரும்பும் தேயிலை பரவிய பிற்காலத்தை நினைத்தால், அந்த எல்லைக்கோடு எவ்வளவு தக்க தருணத்தில் இடப்பட்டது என்பது விளங்கும். பத்தாண்டு தாழ்ந்திருப்பின் மகாவலி, களனி, வளவை ஆகிய மூவாறுகளின் தலைநீர் பிறக்கும் ஹோர்ட்டன் சமவெளியும் கொழுந்து பறிக்கும் மலையாய் மாறியிருத்தல் கூடும்.

அதே 1873இல் றோயல் சங்கத்தின் தலைவராகவும் அவர் தெரிவு செய்யப்பட்டார். 1877இல் அமெரிக்கா சென்று, தாவர அறிஞர் ஆசா கிரேயுடனும், பின்னாளில் தேசியப் பூங்கா இயக்கத்தின் முன்னோடியாய்ப் போற்றப்பட்ட ஜோன் மியூருடனும் சாஸ்தா மலையிற் கூடாரமிட்டுத் தங்கினார். கலிபோர்னியாவின் மாமரங்கள் வாளுக்கும் மனிதர் மூட்டிய தீக்கும் இரையாவதைக் கண்டு வருந்தினார். ஆயிரமாண்டு வளர்ந்ததை ஒரு கோடையில் அழிக்கும் ஆற்றல் எந்நாட்டு மனிதர்க்கும் ஒன்றாகவே இருந்தது.

இத்துணைச் சிறப்புடையாரிடமும் முரண்கள் இல்லாமல் இல்லை. கியூ பூங்கா மக்கள் பணத்தில் நடந்தது. ஆயினும் முற்பகல் வேளையை ஆய்வாளர்க்கும் மாணவர்க்குமென ஒதுக்கி, பொதுமக்களுக்குப் பிற்பகலிலேயே அவர் வாயிலைத் திறந்தார். காலையிலும் உலாவ இடம் வேண்டுமென ஊரார் கூடிக் கிளர்ச்சி செய்தபோது, பூங்காவின் முதற்கடமை அறிவு வளர்ச்சியே, பொழுதுபோக்கன்று என்பதில் அவர் உறுதியாய் நின்றார். இன்னொரு முரண் இதனினும் பெரிது. மலைக்காட்டைக் காக்கச் சொன்ன அதே கியூவிலிருந்துதான், 1876இல், பிரேசிலின் றப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்தன. அவற்றின் வழித்தோன்றல்கள் பிற்காலத்தில் தாழ்நிலக் காடுகளின் இடத்தைப் பிடித்தன. உச்சியைக் காத்த பேரரசு அடிவாரத்தை விலைபேசியது. ஹூக்கர் அப்பேரரசின் நேர்மையான ஊழியர்; அதன் கணக்கிற்கு வெளியே நின்று சிந்தித்தவரல்லர். தோட்டங்களுக்கு நீர் வேண்டும் என்னும் கவலையும் அந்த எல்லைக்கோட்டில் அடங்கியிருந்தது.

1885இல் பதவியினின்று ஓய்வு பெற்றும் அவர் ஓயவில்லை. இந்தியத் தாவரங்கள் பற்றிய ஏழு பாகப் பெருநூலை 1897இல் நிறைவு செய்தார். பேராதனையின் ட்ரைமன் என்னும் அறிஞர் இலங்கைத் தாவரக் கைந்நூலை முடிக்காமலே 1896இல் மறைந்தபோது, எண்பதை நெருங்கிய ஹூக்கர் அச்சுமையைத் தம் தோளில் ஏற்று, இறுதி இரு பாகங்களை 1898இலும் 1900இலும் வெளியிட்டார். 1911 டிசம்பர் 10ஆம் நாள், 94ஆம் வயதில் காலமானார். கியூவின் சிற்றாலயத்தில் தந்தையின் அருகே அவர் உடல் அடங்கிற்று.

அவர் இட்ட எல்லைக்கோடு அவரினும் நெடிது வாழ்கின்றது. ஹோர்ட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2010இல் உலக மரபுரிமைத் தலத்தின் ஒரு பகுதியாயிற்று. முன்பு வேட்டைக்கு வந்த துரைமார் தங்கிய பார் விடுதி இன்று வருகையாளர் நிலையமாய் உள்ளது. நுழைவுச்சீட்டு வாங்கும் எவரும் உலக முடிவு வரை நடந்து செல்லலாம். ஆயினும் வெட்டுவதைத் தடுக்கும் கட்டளைக்குத் தீயும் களையும் கட்டுப்படுவதில்லை. வெள்ளையர் காலத்தில் வந்த மஞ்சட்பூ முட்செடியாகிய யூலெக்ஸ் சமவெளியின் புல்வெளியில் வேரூன்றி, மீண்டும் மீண்டும் பிடுங்கப்பட்டு வருகின்றது.

உடப்புசல்லாவையைச் சூழ்ந்த பற்றனைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பால் மழையைப் பொழிந்துவிட்டு, ஈரமிழந்து இப்பக்கம் வீசும் மாதங்களில் மானாப்புல் சருகாய்க் காய்கின்றது. மாட்டுக்கு இளம்புல் வேண்டியும், வேட்டை கருதியும், சிலவேளை அணையாத சுருட்டொன்றாலும் தீ மூள்கின்றது. புல்லின் வேர் தீயைத் தாங்கி மறுமழையில் துளிர்க்கும். காட்டோரத்து இளமரக் கன்றோ மடியும். இவ்வாறு ஆண்டுதோறும் காடு ஒரு முழம் பின்வாங்க, புல் ஒரு முழம் முன்னேறுகின்றது. வெறுமையான சரிவில் வடகீழ்ப் பருவமழை விழும்போது மண் கரைந்தோடுகின்றது. முற்காலத்தில் பற்றனையைக் காடாக்கக் கருதி நடப்பட்ட பைன் மரங்களும் பிசின் நிறைந்தவையாதலால் தீக்கு எளிதில் இரையாகின்றன. அவற்றின் நிழலில் நாட்டு மரங்களை நட்டுப் படிப்படியாய் இடம் மாற்றுவதே அறிஞர் காட்டும் வழி. கோடைக்கு முன் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புப் பாதை அமைப்பதும், புகை கண்டவுடன் ஆள் திரட்டுவதும் அதற்கு இன்றியமையாத காவல்.

அக்காவலைச் செய்ய வல்லவர் யார்? தீயைக் கண்ணுறும் முதல் மனிதர் லயத்தில் வாழும் தொழிலாளரே. முகட்டு ஊற்று வற்றினால் முதலில் வெறுங்குடத்துடன் நிற்பவரும் அவரே. 1873இல் நிலத்தைப் பற்றி முடிவு செய்தோர் அவரை ஒரு சொல்லும் கேட்கவில்லை. 1948இல் அவருட் பெரும்பாலோர் குடியுரிமையும் இழந்தனர். 1964 ஒப்பந்தத்தால் இலட்சக்கணக்கானோர் கடல் கடந்தனர். எஞ்சியோரின் நாடற்ற நிலை தீர 2003இன் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. வாழும் மண்ணில் ஒரு பேர்ச்சும் தமதென்று சொல்ல இயலாதார் இன்றும் பலர். பொதுநிலம் என்பது தமக்கும் உரியது என்று அறிந்தவனே அதன் எல்லையில் மூளும் தீயை ஓடிச்சென்று அணைப்பான். கியூவின் அறிஞர் நம் காட்டிற்கு வேலியிட்டார். அவ்வேலிக்குள் இருப்பதைக் காக்கும் கடமையைத் தோட்ட மக்களிடம் கேட்குமுன், அவர்கள் நிற்கும் நிலத்தில் அவர்களுக்கு உரிமை வழங்குவது இக்கால அரசுகளின் கடனாகும்.