லெவ் ஆர்த்சிமோவிச்

லெவ் அந்திரேயெவிச் ஆர்த்சிமோவிச் (பிப்ரவரி 25, 1909 – மார்ச் 1, 1973) சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். அணுக்கரு இணைவு ஆய்வில் பயன்படும் டோக்காமாக் கருவியை வளர்த்தெடுத்தவராக அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

மாஸ்கோவில் பிறந்த இவர், 1928 ஆம் ஆண்டு மின்ஸ்க் நகரிலுள்ள பெலருசிய அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1930 இல் லெனின்கிராட் இயற்பியல்-தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். 1944 இல் இகோர் குர்ச்சாத்தவின் ஆய்வுக்கூடத்தில் இணைந்து, யுரேனிய ஓரிடத்தான்களை மின்காந்த முறையில் பிரிக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார்.

இணைவு ஆய்வு

அணு உலைகளில் யுரேனிய அணுக்கரு பிளவுறும்போது, பல்லாயிரம் ஆண்டுகள் பாதுகாக்க வேண்டிய கதிரியக்கக் கழிவு எஞ்சுகிறது. இணைவிலோ ஐதரசனின் ஓரிடத்தான்களான தியூட்டிரியமும் டிரிட்டியமும் சேர்ந்து, கதிரியக்கமற்ற ஈலியம் உண்டாகிறது. ஆனால் இதற்குப் பத்துக் கோடி பாகை அளவிலான வெப்பநிலை தேவை. இத்தகைய வெப்பமுடைய பிளாஸ்மாவைக் கலத்தின் சுவரில் படாமல் வைத்திருக்க வேண்டும். வளைய வடிவக் கலத்தில் காந்தப்புலத்தால் இதனைச் செய்யலாம் என்று 1950 இல் ஆந்திரேய் சாகரவ், இகோர் தாம் ஆகியோர் முன்மொழிந்தனர். 1951 முதல் இறக்கும் வரை ஆர்த்சிமோவிச் இவ்வாய்வுகளை வழிநடத்தினார்.

1952 இல் மின்னிறக்கச் சோதனைகளில் நியூத்திரன்கள் வெளிப்பட்டன. அவை உயர் வெப்பத்தினால் நிகழ்ந்த இணைவிலிருந்து வந்தவை அல்ல என்பதை இவரது குழுவினர் கண்டறிந்தனர். 1958 இல் பிரித்தானியாவின் சீட்டா கருவியில் தோன்றிய நியூத்திரன்கள் வெற்றியாக அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டே அக்கூற்று கைவிடப்பட்டது.

டி-3 டோக்காமாக்

1968 இல் நோவசிபீர்ஸ்க் மாநாட்டில், டி-3 டோக்காமாக்கில் ஏறத்தாழ ஒரு கோடி பாகை வெப்பநிலை எட்டப்பட்டதாக இவர் அறிவித்தார். மேற்கத்திய அறிஞர் பலர் இதனை ஐயுற்றனர். பனிப்போர்க் காலமாயினும், பிரித்தானியாவின் கல்லம் ஆய்வுக்கூடத்தினர் தம் லேசர் கருவிகளுடன் மாஸ்கோவுக்கு அழைக்கப்பட்டனர். 1969 இல் அவர்கள் செய்த அளவீடு டி-3 இன் முடிவை உறுதிப்படுத்தியது. 1970 இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வுக்கூடம் தன் ஸ்டெல்லரேட்டர் கருவியையே டோக்காமாக்காக மாற்றியமைத்தது.

சிறப்புகள்

1953 இல் சோவியத் அறிவியல் கழகத்தின் முழு உறுப்பினரானார். நிலவின் பள்ளம் ஒன்றுக்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

இன்றைய நிலை

2023 இல் இங்கிலாந்தின் ஜெட் டோக்காமாக் 69 மெகாஜூல் இணைவு ஆற்றலை வெளியிட்டது. எனினும் பிளாஸ்மாவைச் சூடாக்க அதனினும் மிகுதியான ஆற்றல் செலவானது. இந்தியாவும் பங்குபெறும் ஈட்டர் என்னும் பெரிய டோக்காமாக் பிரான்சில் கட்டப்பட்டு வருகிறது. இணைவினால் மின்சாரம் வழங்கும் நிலையம் இன்னும் எங்கும் அமையவில்லை.

இணைவும் கழிவே இல்லாத முறையன்று. வெளிப்படும் நியூத்திரன்கள் கலத்தின் சுவரைக் கதிரியக்கமுடையதாக்குகின்றன. எரிபொருளான டிரிட்டியமும் 12.3 ஆண்டு அரைவாழ்வுக் காலமுடைய கதிரியக்கப் பொருளாகும். ஆயினும் சுவருக்கு ஏற்ற உலோகங்களைத் தேர்ந்தால், கதிரியக்கத்தின் பெரும்பகுதி ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் தணியும் என எதிர்பார்க்கப்படுகிறது.