குடிபோதைனு எழுதினாங்க... அது அல்சைமர்! ரீட்டா ஹேவொர்த்தின் கடைசி வருடங்கள்

1976 ஜனவரி. லண்டன் ஹீத்ரூ ஏர்போர்ட்டில் வந்து இறங்கிய ஒரு பெண்மணியை போட்டோகிராபர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கலைந்த தலை, மிரண்ட பார்வை, எங்கே வந்திருக்கோம்னே தெரியாத முகம். ஃப்ளைட்டில் ரகளை செய்தார், குடித்திருந்தார் என்று படத்தோடு செய்தி வந்தது. அவர் ரீட்டா ஹேவொர்த். ஹாலிவுட்டே காதல் தேவதைனு கொண்டாடிய நடிகை. அப்போது அவருக்கு 57 வயசுதான்.

1918-ல் நியூயார்க் புரூக்ளினில் பிறந்தபோது அவர் பெயர் மார்கரிட்டா கார்மென் கான்சினோ. அப்பா ஸ்பெயினிலிருந்து வந்த நடனக் கலைஞர். ஸ்கூலுக்குப் போகிற வயசில் அப்பாவுக்கே ஜோடியாக மெக்சிகோ எல்லையில் இருக்கும் டிஜுவானா கிளப்களில் ஆட வேண்டியிருந்தது. பிறகு சினிமா. கறுப்பு முடி சிவப்பானது. நெற்றி அகலமாகத் தெரியணும்னு முன்முடியை மின்சார ஊசியால் வேரோடு எடுத்தார்கள். பெயரும் மாறியது. 1946-ல் 'கில்டா' வந்ததும் உலகமே அவர் பின்னால்!

ஐந்து கல்யாணம், ஐந்தும் விவாகரத்து. மூன்றாவது கணவர் இளவரசர் அலி கான். புனேயில் காந்தி சிறை வைக்கப்பட்ட ஆகா கான் மாளிகையைக் கட்டியவரின் மகன். 1949-ல் பிறந்த இவர்களின் மகள்தான் யாஸ்மின். இந்தக் கதையின் பின்பாதி அவருடையது.

1972-ல் ரீட்டா தன் கடைசிப் படத்தில் நடித்தபோது வசனம் மனசில் நிற்கவே இல்லை. ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்து ஷூட் பண்ணினார்கள். திடீர் கோபம், சந்தேகம், பயம். அவர் குடித்தது உண்மைதான். அதனாலேயே எல்லாப் பழியும் சுலபமாக பாட்டில் மேல் விழுந்தது. மூளையில் வேறு ஏதோ நடக்குதுனு யாருக்கும் தோன்றவில்லை.

டாக்டர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அல்சைமர் 1900-களின் தொடக்கத்திலேயே அடையாளம் காணப்பட்டாலும், நடுவயசில் வரும் அபூர்வ நோய் என்றே பல காலம் நினைத்தார்கள். வயதானவர்களுக்கு வரும் மறதியிலும் பெரும்பகுதி இதே நோய்தான்னு அமெரிக்க நரம்பியல் நிபுணர் ராபர்ட் கேட்ஸ்மன் அழுத்தி எழுதியது, ரீட்டா ஹீத்ரூவில் இறங்கிய அதே 1976-ல்!

ரீட்டாவுக்கு அல்சைமர் என்பது 1981-ல் ஊருக்குத் தெரிந்தது. அந்த வருடம் கோர்ட் அவரை யாஸ்மினின் பொறுப்பில் விட்டது. அம்மாவை நியூயார்க்குக்கு அழைத்து வந்து, தன் வீட்டுக்குப் பக்கத்து அபார்ட்மென்ட்டில் நர்ஸ்களோடு தங்க வைத்தார் மகள். பணம் இருந்தது, செய்ய முடிந்தது. பெரும்பாலான குடும்பங்களுக்கு அது முடியாதே? இதைப் புரிந்துகொண்டதில்தான் யாஸ்மின் எனக்குப் பெரிய ஆளாகத் தெரிகிறார். குடும்ப மானம்னு மூடி வைக்காமல், நோயின் பெயரை வெளியே சொன்னார்.

மனைவிக்கு இந்த நோய் வந்த ஜெரோம் ஸ்டோன் என்ற தொழிலதிபர், ஆங்காங்கே இயங்கிய குடும்பங்களின் ஆதரவுக் குழுக்களை இணைத்து 1980-ல் அல்சைமர் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். பார்த்துக்கொள்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து அழவும், குளிக்க மறுக்கும் அம்மாவை எப்படிச் சமாளிக்கிறதுனு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவும் ஓர் இடம். யாஸ்மின் அதில் சேர்ந்தார். அம்மா பெயரில் வருடா வருடம் விருந்து விழா நடத்தி, ஆராய்ச்சிக்கும் பராமரிப்புக்கும் பல கோடி டாலர் திரட்டினார். உலகளாவிய அல்சைமர் கூட்டமைப்புக்கும் தலைவராக இருந்தார்.

1987 மே 14 அன்று, 68 வயதில் ரீட்டா இறந்தார். அப்போது அமெரிக்க அதிபராக இருந்தவர், அவரைப் போலவே சினிமாவிலிருந்து வந்த ரொனால்ட் ரீகன். 1994-ல் தனக்கும் அல்சைமர் என்று மக்களுக்குக் கடிதம் எழுதி ரீகனே அறிவித்தார்.

நம் பக்கத்தில் இப்படி ஒரு சங்கம் 1992-ல் கேரளாவில் தொடங்கியது. இன்று அதற்குச் சென்னையிலும் கிளை இருக்கிறது. வீட்டில் பெரியவர் ஒருவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், காரணமில்லாமல் சந்தேகப்பட்டால், முதலில் நரம்பியல் டாக்டரிடம் அழைத்துப் போங்க. அடுத்து, உங்களை மாதிரியே பார்த்துக்கொள்கிற நாலு பேரைத் தேடிப் பிடிங்க.