கால்களை நேராக்கிய சைபீரிய வைத்தியர்

போர் ஓய்ந்தாலும் காயங்கள் ஓய்வதில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்து சோவியத் ஒன்றியத்தின் ஊர்களுக்குத் திரும்பிய படைவீரர்கள் பலரின் கால்கள் வளைந்தும் குட்டையாகியும் சீழ் வடிந்தும் கிடந்தன. எலும்பு பொருந்தாமல் போனவர்களில் பலருக்குக் காலைத் துண்டிப்பதே கடைசி வழியாக இருந்தது. வேறொரு வழியைத் திறந்தவர் கவ்ரீல் இலிசாரோவ்.

1921 இல் போலந்தில் பிறந்த அவர், அசர்பைஜானில் வறிய குடும்பமொன்றில் வளர்ந்தார். கிரைமியாவில் மருத்துவம் படிக்கையில் போர் வந்தது. கல்லூரி கசகஸ்தானுக்கு இடம்பெயர்ந்தது. 1944 இல் படிப்பை முடித்தவர், மேற்குச் சைபீரியாவின் குர்கான் பகுதியில் கிராமத்து வைத்தியசாலையொன்றுக்கு அனுப்பப்பட்டார். வசதிகள் மிகக் குறைவு. எல்லா நோய்க்கும் அவரே வைத்தியர்.

1951 அளவில் அவர் ஒரு கருவியை உருவாக்கினார். சைக்கிள் கம்பி போன்ற மெல்லிய கம்பிகளை எலும்பினூடாகச் செலுத்தி, காலைச் சுற்றிய உலோக வளையங்களில் இழுத்துக் கட்டினார். வளையங்களை இணைக்கும் தண்டுகளின் நட்டுகளைத் திருகி, உடைந்த துண்டுகளை நெருக்கவோ விலக்கவோ முடிந்தது. நோயாளி ஒருவர் நட்டைத் தவறான பக்கம் திருப்பியபோது, விலகிய இடைவெளியில் புதிய எலும்பு வளர்ந்திருந்ததைக் கண்டதாகச் சொல்லப்படுகிறது. நாளொன்றுக்கு 1 மில்லிமீற்றர், அதுவும் நான்கு தடவையாகப் பிரித்து விலக்கினால், எலும்போடு தசையும் நரம்பும் சேர்ந்து வளரும் என்பதை அவர் நிறுவினார்.

நீளம் மட்டும் போதாது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கோடு விலகினால் உடற்பாரம் முழங்காலின் ஒரு பக்கத்தில் இறங்கி, அந்தப் பக்கத்துக் குருத்தெலும்பு தேய்ந்துவிடும். செயற்கை முழங்கால் பொருத்தும் வைத்தியர்கள் இன்றும் விவாதிப்பது இதே கோட்டைத்தான். எல்லோருக்கும் காலை ஒரே நேர்கோட்டில் நிறுத்துவதா, அவரவர் பிறவிச் சாய்வை விட்டுவைப்பதா என்பதே கேள்வி.

மொஸ்கோவின் பெரிய வைத்தியர்கள் நீண்டகாலம் அவரைப் பொருட்படுத்தவில்லை. விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டு பல சத்திரசிகிச்சைகளிலும் குணமடையாத ஒலிம்பிக் உயரம் பாய்தல் வீரர் வலேரி புரூமெல், 1968 இல் குர்கானில் சிகிச்சை பெற்று, மீண்டும் 2 மீற்றருக்கு மேல் பாய்ந்தார். நாடு திரும்பிப் பார்த்தது. 1980 இல் இத்தாலிய மலையேறி கார்லோ மௌரி குணமடைந்து ஊர் திரும்பிய பின்னர் மேற்குலகமும் அறிந்தது.

உலகப்புகழ் வந்தபோதும் இலிசாரோவ் குர்கானை விட்டுப் போகவில்லை. 1992 இல் அங்கேயே காலமானார். குண்டும் கண்ணிவெடியும் சிதைத்த கால்களுக்கு அவரது வளையங்கள் இன்றும் பூட்டப்படுகின்றன. மாதக்கணக்கான வலியைப் பொறுத்து, நாளுக்கு ஒரு மில்லிமீற்றராக நிமிர்ந்தவர்கள் தங்கள் சொந்தக் கால்களில் நடக்கிறார்கள்.