கருவிலிருக்கும் சிசுவுக்காகப் பேசிய மருத்துவர்

பம்பலப்பிட்டித் தாய்மாரும் இன்று கருவுற்ற மூன்றாம் மாதமளவில் ஸ்கேன் எடுக்கின்றனர். சிசுவின் பிடரியில் தேங்கும் நீரை அளந்து, டவுன் சின்ட்ரோம் இருக்கக்கூடுமோ என ஆராய்கின்றனர் மருத்துவர்கள். அந்நிலைக்குக் காரணம் மிகையாயுள்ள 21ஆம் குரோமோசோமே என 1959 இல் உலகறியச் செய்தவர்களுள் ஒருவர், 1926 இல் பிரான்சில் பிறந்த ஜெரோம் லெஜூன். ஆய்வுக்கான உயிரணுக்களை வளர்த்தெடுத்த மார்த் கோத்தியே அம்மையாரின் உழைப்பையும் மறத்தலாகாது.

குணப்படுத்தவே லெஜூன் காரணம் தேடினார். உலகமோ அவ்வறிவைக் கொண்டு சிசுக்களைக் கருவிலேயே இனங்கண்டு அழிக்க முற்பட்டது. 1969 இல் சான் பிரான்சிஸ்கோவில் விருது பெற்ற வேளையிலேயே அதனைக் கண்டித்துரைத்தார். சக விஞ்ஞானிகள் பலர் முகந்திருப்பினர். அவரோ பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில் அச்சிறாருக்குச் சிகிச்சையளித்து, பெற்றோரைத் தேற்றி வந்தார். 1994 உயிர்ப்பு ஞாயிறன்று இறைவனடி சேர்ந்தார். 2021 இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் நிலைக்கு உயர்த்தினார்.