மழைக் கணக்கும் காடைக் கணக்கும்



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்துக்கு முன்பே ஒரு படம் வந்துவிடும். காரைக்கால் ரேடார் படம். பச்சை தெரிந்தால் துணி காயப்போடலாமா என்று விவாதம், சிவப்பு தெரிந்தால் கீழே நிற்கும் காரை எங்கே கொண்டுபோய் விடுவது என்று கவலை. 2018 நவம்பர் 15 இரவு, கஜா வந்தபோது, அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

அந்த ரேடார் இந்திய வானிலைத் துறையுடையது. துறை தொடங்கியது 1875-இல். அப்போது அது எந்த இலாகாவின் கீழ் இருந்தது, அந்த இலாகாவுக்குச் செயலாளர் யார் என்று தெரியுமா? ஆலன் ஆக்டேவியன் ஹியூம். காங்கிரஸ் கட்சி பிறக்கக் காரணமானவர் என்று பள்ளியில் ஒரு மார்க் கேள்விக்குப் படித்தோமே, அவரேதான். அந்த ஒரு மார்க்கோடு அவரை விட்டுவிட்டோம். எனக்கு அவரிடம் பிடித்தது வேறு விஷயம்.

1829-இல் இங்கிலாந்தில் பிறந்தார். அப்பா ஜோசப் ஹியூம் பார்லிமெண்ட் உறுப்பினர். மகன் 1849-இல் இந்தியா வந்து, இன்றைய உத்தரப் பிரதேசத்தில் இருக்கும் எட்டாவாவில் அதிகாரியாகி, இலவசப் பள்ளிகள் திறந்தார். பறவை சேகரிப்பதில் பைத்தியம். 1857 கலகத்தில் அதுவரை சேர்த்த பறவைகள் எல்லாம் போயின. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நடுவில் சுங்க ஆணையர் வேலை. உப்பு கடத்தலைத் தடுக்க நாட்டின் குறுக்கே முள்வேலி வளர்த்த அந்த விசித்திரமான காலம். அதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

1871-இல் வருவாய், விவசாயம், வணிகம் மூன்றையும் சேர்த்து ஒரு புதிய இலாகா அமைத்து அவரைச் செயலாளர் ஆக்கினார்கள். 1864-இல் கல்கத்தாவைப் புயல் அழித்திருந்தது. 1866-இலும் 1871-இலும் பருவமழை பொய்த்தது. மாகாணத்துக்கு மாகாணம் தனித்தனியாக மழையை அளந்தால் போதாது என்று புரிந்தது. பிளான்ஃபோர்டு என்பவரை நாடு முழுவதற்குமான வானிலை அதிகாரியாக நியமித்தார்கள். மறு வருடமே பெரும் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள்.

பகலில் இந்த வேலை. மீதி நேரத்தில் பறவைகள். 1872-இல் சொந்தமாக ஒரு பறவை இதழ் தொடங்கினார். நாடெங்கும் இருந்த அதிகாரிகள், பட்டாள வீரர்கள், தோட்டக்காரர்களிடமிருந்து கடிதத்தில் தகவல் வாங்கினார். எங்கள் காலத்தில் எல்லாக் கிளைகளிலிருந்தும் வாரக் கணக்கு தலைமை அலுவலகத்துக்குப் போகுமே, அந்த மாதிரி. அப்படி உருவானதுதான் மார்ஷல் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட இந்திய, பர்மா, இலங்கை வேட்டைப் பறவைகள் பற்றிய நூல். 1879 முதல் 1881 வரை மூன்று தொகுதிகள். காடை, கவுதாரி, காட்டுக்கோழி, உள்ளான் எல்லாம் அதில் உண்டு. வண்ணப் படங்கள் இங்கிலாந்தில் தயாராகி வந்தன. அவற்றின் தரம் அவருக்குத் திருப்தி இல்லை.

துப்பாக்கிக்காரர்களுக்கான புத்தகம்தானே, அதற்கும் மழைக்கும் என்ன என்று கேட்பீர்கள். மழைக்காடை என்று ஒரு காடை இருக்கிறது. அதன் அறிவியல் பெயரிலேயே நம் சோழமண்டலக் கரை இருக்கிறது: கோரமாண்டெலிகா. மழை எங்கே பெய்து புல் முளைக்கிறதோ அங்கே அது போகும். தரையில் சிறு பள்ளம் பறித்து முட்டையிடும். குஞ்சு பொரித்த உடனே நடக்கும், ஆனால் முதல் சில நாட்கள் தாயின் சிறகுக்குள் ஒதுங்காமல் உடம்புச் சூட்டைக் காக்க முடியாது. அந்த வயதில் அதற்குப் புழு பூச்சிதான் உணவு. எனவே அளவாக மழை பெய்தால் புல்லும் பூச்சியும் பெருகிக் குஞ்சுகள் பிழைக்கும். மழையே இல்லாவிட்டால் பல ஜோடிகள் கூடு வைக்காது. மூன்று நாள் விடாமல் அடித்தால் கூட்டில் தண்ணீர் நிற்கும், குஞ்சுகள் விறைத்துச் சாகும். பனிக்காலத்தில் வேட்டைக்காரன் பார்க்கப்போகும் எண்ணிக்கை, மழைக்காலத்திலேயே முடிவாகிவிடுகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் சாதாரணக் காடைக்கு, அது பொரித்த ஊரின் வானிலைதான் கணக்கு, நம் ஊர் மழை அல்ல. உள்ளானுக்குச் சேறு இளக்கமாக இருக்க வேண்டும், வயல் காய்ந்தால் பக்கத்து ஊருக்குப் போய்விடும். இந்த வருடம் பறவை குறைவு என்றால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, இடம் மாறியும் இருக்கலாம். ஓர் ஊர்க் கணக்கை மட்டும் பார்த்தால் இது தெரியாது. பல ஊர்க் கடிதங்களுக்கு அந்த மனிதர் ஏன் அலைந்தார் என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது. சிறுவயதில் எங்கள் கிராமத்தில் சம்பா அறுப்புக்குப் பின் உளுந்து வயலில் காடைக்கு வலை கட்டுவார்கள். ஒரு வருடம் நிறைய விழும், ஒரு வருடம் ஒன்றுகூட விழாது. காரணம் கேட்டால் பெரியவர்கள் வானத்தைக் காட்டுவார்கள்.

1879-இல் ஹியூமைச் செயலாளர் பதவியிலிருந்து இறக்கி மாகாணத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். மேலதிகாரிகளிடம் மனதில் பட்டதைப் பேசுகிறவர். 1882-இல் ஓய்வு. இந்தியப் பறவைகள் முழுவதையும் பற்றிப் பெரிய நூல் எழுதப் பல வருடக் குறிப்புகள் சிம்லா வீட்டில் கட்டுக்கட்டாக இருந்தன. அவர் ஊரில் இல்லாத குளிர்காலத்தில் வேலையாள் ஒருவன் அவற்றைப் பழைய காகித விலைக்குக் கடைத்தெருவில் விற்றுவிட்டான். 1857-இல் போனதைத் திரும்பச் சேர்த்தார். இதைத் திரும்ப எழுத அவரால் முடியவில்லை. தோலும் முட்டையுமாகச் சுமார் 80,000 மாதிரிகளை 1885-இல் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அதே வருடக் கடைசியில்தான் காங்கிரஸ். அதற்குள் அவர் சைவ உணவுக்கு மாறி, பறவைகளைச் சுடுவதையும் நிறுத்தியிருந்தார். பிறகு ஊர் திரும்பிச் செடிகொடிகளில் இறங்கி, 1910-இல் தெற்கு லண்டனில் ஒரு தாவரவியல் நிலையம் நிறுவி, 1912 ஜூலை 31-இல் காலமானார். பிரிட்டிஷ் இந்தியாவில் பறவை வேட்டைக்கு மூடிய காலம் அறிவிக்க வழி செய்த சட்டமும் அதே 1912-இல்தான் வந்தது. காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததால் அது நம்மைத் தொடவில்லை. 1972 சட்டம் தொடும். கடையில் கிடைப்பது பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை, அதில் தவறில்லை. சாலையோரத்தில் கூண்டில் காட்டுக்காடையோ கவுதாரியோ விற்றால் வாங்காதீர்கள், அது குற்றம்.

கடைசியாக ஒரு தகவல். சங்க அறையைச் சுத்தம் செய்து பழைய தாள்களை எடைக்குப் போடப் போவதாகக் குழுவில் முடிவாகியிருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் எந்தப் படிவரை நின்றது என்று நம் காவலாளி எழுதிவைத்த மூன்று நோட்டுகள் அதில் இருந்தன. காணவில்லை என்று யாரும் தேட வேண்டாம். என் வீட்டில் இருக்கின்றன.