பிரசாந்த சந்திர மகாலனோபிஸ்

பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் (ஜூன் 29, 1893 – ஜூன் 28, 1972) ஓர் இந்தியப் புள்ளியியல் அறிஞர். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவர். பெரிய அளவிலான மாதிரிக் கணக்கெடுப்பு முறையை இந்தியாவில் வளர்த்ததற்காக அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் கொல்கத்தாவில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1913இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1914இல் சென்னையிலிருந்து அங்கு வந்த கணித மேதை இராமானுசனுடன் இவருக்கு நட்பு ஏற்பட்டது. 1915இல் பயோமெட்ரிக்கா ஆய்விதழைப் படித்ததன் மூலம் புள்ளியியலில் ஆர்வம் கொண்டார். நாடு திரும்பிய பின் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தார்.

புள்ளியியல் பணிகள்

1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தையும், 1933இல் சாங்கியா ஆய்விதழையும் தொடங்கினார். அதே ஆண்டில், ரிஸ்லி வெளியிட்டிருந்த வங்காள மக்களின் உடல் அளவீடுகளை மறு ஆய்வு செய்து கட்டுரை வெளியிட்டார். 1936இல் மகாலனோபிஸ் தொலைவு என்னும் அளவையை விளக்கினார். 1937இல் வங்காளத்தில் சணல் சாகுபடிப் பரப்பை மாதிரி முறையில் மதிப்பிடும் பணி தொடங்கியது. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் பின்விளைவுகளையும் இம்முறையிலேயே இவரது குழுவினர் ஆராய்ந்தனர்.

விழுக்காடும் பிழை எல்லையும்

ஒரு மதிப்பீட்டுடன் அதன் பிழை எல்லையும் அறியப்பட வேண்டும் என்பது இவரது பணியின் அடிப்படை. 1941இல் வங்காள மாகாணத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 6 கோடி. அதில் 33 விழுக்காடு என்று முழு எண்ணாக்கிக் குறித்தால், உண்மை மதிப்பு 32.5 முதல் 33.5க்குச் சற்றுக் குறைவு வரை எதுவாகவும் இருக்கலாம். இந்த இடைவெளி மட்டுமே ஏறத்தாழ 6 இலட்சம் மக்களைக் குறிக்கும். 33.4, 33.6 ஆகியவை 33, 34 என எழுதப்படும்போது, 0.2 அளவான வேறுபாடு 1 எனத் தோன்றும். போட்டித் தேர்வுகளில் அட்டவணைகளைப் படிக்கும் மாணவர்களும் இதைக் கவனிக்க வேண்டியுள்ளது.

முழு எண்ணாக்கலால் வரும் இப்பிழையின் எல்லையைக் கணக்கிட்டே அறியலாம். ஆனால் மாதிரியைத் தேர்ந்தெடுப்பதாலும் களப்பணியாலும் வரும் பிழைகளை அவ்வாறு அறிய இயலாது. ஆகவே மகாலனோபிஸ் ஒரே பகுதியிலிருந்து இரு தனித்தனி மாதிரிகளை எடுத்து, வெவ்வேறு குழுவினரைக் கொண்டு கணக்கெடுக்கச் செய்தார். இரு முடிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு மதிப்பீட்டின் நம்பகத்தன்மையைக் காட்டியது. 1950இல் இவரது முயற்சியால் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது.

சிறப்புகள்

1945இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1968இல் பத்ம விபூசண் விருது பெற்றார். இவரது பிறந்த நாள் 2007 முதல் இந்தியாவில் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இவர் நிறுவிய நிறுவனத்தின் மையம் ஒன்று சென்னையில் உள்ளது.