வால்டெமர் ஹாஃப்கின்: தடுப்பூசியும் அதன் மீதான நம்பிக்கையும்

காலரா, பிளேக் ஆகிய இரு கொடிய நோய்களுக்கும் தடுப்பூசி உருவாக்கி, அவற்றை இந்திய மக்களிடம் கொண்டு சேர்த்தவர் வால்டெமர் ஹாஃப்கின். ஒரு தடுப்பூசி எவ்வாறு உருவாகிறது என்பதையும், அதனைச் செலுத்தும் இடத்தில் நேரும் சிறு கவனக்குறைவு எத்தகைய இழப்பை உண்டாக்கும் என்பதையும் அவரது வாழ்க்கை ஒருங்கே உணர்த்துகிறது.

இளமையும் கல்வியும்

ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு, அன்றைய ரஷ்யப் பேரரசின் ஒடெஸா நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர் மெச்னிகோவிடம் பயின்றார். யூதராக இருந்தமையால் அங்கு ஆசிரியப் பணியில் உயரும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பின்னர் பாரிஸ் சென்று, பாஸ்டர் நிறுவனத்தில் நூலகப் பணியில் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் உழைத்து, காலராத் தடுப்பூசியை உருவாக்கினார். 1892 ஜூலையில் அதனை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார்.

இந்தியாவில் பணி

1893இல் கல்கத்தா வந்தடைந்தார். அடுத்த இரண்டரை ஆண்டுகளில் வட இந்தியாவிலும் வங்காளத்திலும் 40,000க்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசி செலுத்தப்பட்டது. எவரையும் கட்டாயப்படுத்தாமல், விரும்பி முன்வந்தோருக்கே ஊசி போடுதல் அவரது நெறியாக இருந்தது. இடையே மலேரியாவால் தாக்குண்டு ஐரோப்பா திரும்பியவர், உடல் தேறியதும் மீண்டும் இந்தியா வந்தார்.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. வீடுகளைச் சோதனையிடுதல், நோயுற்றோரைக் குடும்பத்தினரிடமிருந்து பிரித்து அழைத்துச் செல்லுதல் போன்ற அரசின் கடும் நடவடிக்கைகளால் மக்கள் நோயைவிட அதிகாரிகளுக்கே மிகுதியாக அஞ்சினர். இச்சூழலில் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கப்பட்ட சிறிய இடத்தில், மிகச் சில பணியாளர்களுடன் ஹாஃப்கின் ஆய்வைத் தொடங்கினார். பிளேக் கிருமியைச் சாற்றில் வளர்த்து, வெப்பத்தால் கொன்று, ஏறத்தாழ மூன்று மாதங்களில் தடுப்பூசியை உருவாக்கினார். 1897 ஜனவரி 10 அன்று அதனையும் தமக்கே முதலில் செலுத்திக்கொண்டார். அதன் பின்னர் பைகுல்லா சிறையில் விரும்பி முன்வந்த கைதிகளுக்கு அளிக்கப்பட்டபோது, ஊசி போட்டுக்கொண்டோரிடையே நோய் குறைவாகவே காணப்பட்டது. அத்தடுப்பூசி முழுமையான பாதுகாப்பை அளிக்கவில்லை. காய்ச்சலும் வலியும் உண்டாயின. எனினும் நோயுறும் வாய்ப்பையும் இறக்கும் வாய்ப்பையும் அது வெகுவாகக் குறைத்தது.

முல்கோவால் துயரம்

1902 அக்டோபர் 30 அன்று, பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்குப் பிளேக் தடுப்பூசி செலுத்தப்பட்டது. அவர்களுள் 19 பேர் டெட்டனஸ் எனப்படும் இரணஜன்னியால் உயிரிழந்தனர். அப்பத்தொன்பது பேரும் ஒரே குப்பியிலிருந்து ஊசி பெற்றவர்கள். மற்றக் குப்பிகளிலிருந்து ஊசி பெற்றோருக்குத் தீங்கு நேரவில்லை.

விசாரணைக் குழு, குப்பி திறக்கப்படுவதற்கு முன்பே, அதாவது ஆய்வகத்திலேயே, கிருமி புகுந்திருக்க வேண்டும் எனக் கருதியது. ஹாஃப்கின் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். ஆனால், குப்பியைத் திறக்கப் பயன்பட்ட இடுக்கி மண்ணில் விழுந்ததும், அது முறையாகக் கிருமி நீக்கம் செய்யப்படாமல் மீண்டும் பயன்படுத்தப்பட்டதும் ஆவணங்களிலேயே பதிவாகியிருந்தன. டெட்டனஸ் கிருமி மண்ணில் வாழ்வது. மலேரியா ஆய்வாளர் ரொனால்டு ராஸ் உள்ளிட்ட அறிவியலாளர்கள் இதனை எடுத்துக்காட்டி வாதாடினர். 1907இல் ஹாஃப்கின் மீதான பழி நீங்கியது. அவர் கல்கத்தா திரும்பினார்; எனினும் பம்பாய் ஆய்வகத்தின் தலைமைப் பொறுப்பு அவருக்கு மீண்டும் கிடைக்கவில்லை. 1925இல் அவ்வாய்வகம் ஹாஃப்கின் நிறுவனம் எனப் பெயர் மாற்றப்பட்டது. 1930இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் காலமானார்.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

முல்கோவாலில் உயிர்களைப் பறித்தது தடுப்பூசி மருந்தன்று. தூய்மை தவறிய ஒரு கருவியே ஆகும். ஆகவே ஊசி போடும் இடத்தில் பின்வருவனவற்றைக் கவனிப்பதும் கேட்டறிவதும் தங்கள் உரிமை:

• ஒவ்வொருவருக்கும் புதிய ஊசியும் சிரிஞ்சும் தங்கள் முன்னிலையில் பிரிக்கப்படுகின்றனவா என்பதைப் பாருங்கள்.
• மருந்தின் பெயரையும் காலாவதி நாளையும் கேட்டறியுங்கள். தடுப்பூசி அட்டையில் அவை பதியப்படுவதை உறுதி செய்யுங்கள்.
• ஊசி போட்ட பின் 30 நிமிடங்கள் அங்கேயே காத்திருங்கள்.
• ஊசி போட்ட இடத்தில் மண், சாணம், மூலிகைச் சாறு முதலிய எதனையும் பூசாதீர்கள்.
• இலேசான காய்ச்சலும் வலியும் இயல்பானவை. ஓரிரு நாளில் தணிந்துவிடும். மூச்சுத்திணறல், முகவீக்கம், வலிப்பு, கடுங்காய்ச்சல் ஆகியவை தோன்றினால் உடனே அரசு மருத்துவமனையை அணுகுங்கள்; அல்லது 108 ஆம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

தாடை இறுகுதல், விழுங்க இயலாமை ஆகியவை டெட்டனஸின் அறிகுறிகள். மண் படிந்த காயம் ஏற்பட்டால் சோப்பும் தூய நீரும் கொண்டு கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்பதை அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். 1902இல் அந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. இன்று அது அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது.